வட்டக்கிணறு பற்றி ரூத்துக்கு எழுதியது

இலுப்பைமேடு காலனி,
பிப்ரவரி 9, திங்கள்

அன்பு மகள் ரூத்துக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் ஜெரோமும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காய்ச்சல் சளி ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பி இதை எழுதத் தொடங்குகிறேன். நொய்டாவில் ஆறு டிகிரி என்று டிவியில் காட்டினான், அம்மா உடனே போன் போடு என்றாள், நான்தான் வேண்டாம் கடிதம் எழுதப் போகிறேன் என்று தடுத்தேன். நாள் தவறாமல் போனில் பேசுகிற அப்பனுக்கு இன்றைக்கு என்ன கடிதம் என்று உனக்குத் தோன்றும். சில விஷயத்தை போனில் பேச இஷ்டமில்லை. யார் பேசுவதை யார் கேட்கிறான் என்று இப்போது நம்ம காலனியில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, அணுக்கழிவுக் கிடங்குக்கு எதிரான போராட்டக் குழு வாட்ஸப்பில் காலையில் போட்டது மதியத்துக்குள் கிடங்குக்காரன் ஆட்களுக்குத் தெரிந்துவிடுகிறது. அது ஒரு காரணம். இன்னொன்று, போனில் நான் ஒன்று கேட்டால் நீ டக்கென்று ஏதாவது சொல்லிவிடுவாய், நானும் அதற்கு ஏதாவது சொல்லிவிடுவேன். எனக்கு யோசித்துச் சொல்கிற பதில் வேண்டும், அதனால்தான் பேப்பரும் பேனாவும்.

முதலில் வீட்டு சமாசாரம். அம்மாவுக்கு வலது முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய பட்டையைப் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போகிறாள், ஆனால் அதைக் கட்டிக்கொண்டே தரையில் உட்கார்ந்து மீன் ஆய்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. ஜெரோமுக்கு அந்த ரிசார்ட்டில் ஏசி மெக்கானிக் வேலை நிரந்தரம் பண்ணுகிறேன் என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அவனுக்குப் பார்த்த முட்டுக்காட்டுப் பெண் விஷயம் அப்படியே நிற்கிறது. பெண்ணின் மாமா வந்து எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, உங்க ஊர்ல அணு குப்பை கொட்டப் போறாங்களாமே என்று கேட்டார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். முடிவாகட்டும் அப்புறம் பேசுவோம் என்று போனவர்தான். நல்ல பெண், பிளஸ் டூவில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, என் பெண்ணாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

அந்தக் கிடங்கு விஷயம் உனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறேன், முழுசாகச் சொல்கிறேன், ஏன் என்று பிறகு தெரியும். நம்ம காலனிக்கு மேற்கே சவுக்குத் தோப்பு இருக்கிறதே, அதையும் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற மேட்டையும் சேர்த்து அணுக்கழிவு வைக்கிற கிடங்கு கட்டப் போகிறார்களாம். வெளியூரில் இருந்தெல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள் என்று ஒரு பேச்சு, இல்லை இங்கே அணுமின் நிலையத்தில் உள்ளது மட்டும்தான் என்று ஒரு பேச்சு. நோட்டீஸை பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள், அதுவும் தொலைந்துபோன ரேஷன் கார்டு நோட்டீசுக்கும் பன்றி பிடிக்கிற டெண்டருக்கும் நடுவில், எறும்பு எழுத்தில். வருகிற இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அதை ஒட்டுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே நம்ம தெருவில் நான்கு எல்.இ.டி. விளக்கு போட்டுவிட்டுப் போனார்கள். அந்த விளக்குக்கு நான் நான்கு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தேன், வரவில்லை. மனு எழுதுவதை நிறுத்தின பிறகு தானாக வருகிறது என்றால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். அப்புறம் கண் பரிசோதனை முகாம் வந்தது, ஒரு வெள்ளை வேன், உள்ளே ஏசி. கண்ணைப் பார்த்தார்கள் சரி, வீட்டில் எத்தனை பேர், எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள், பட்டா யார் பேரில் என்று எதற்குக் கேட்க வேண்டும்? அம்மா மட்டும் கண்ணாடி வாங்கிக்கொண்டாள், நான் வாங்கவில்லை.

அணுபுரம் டவுன்ஷிப்பில் ராமானுஜம் சார் வீட்டில் ஃபிளஷ் டேங்க் ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருந்தார். பெரிய விஞ்ஞானி, நல்ல மனுஷர், டீ கொடுக்காமல் அனுப்ப மாட்டார். பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டராக நான் ரிடையர் ஆனபின் அந்த டவுன்ஷிப்பில் பாதி வீட்டுக் குழாய்க்கு நான்தான். வேலை முடித்துவிட்டு, சார், அந்தக் கிடங்கைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கழிவைக் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, இரும்பு உருளையில் ஊற்றி, காங்கிரீட் குழிக்குள் வைத்து மூடிவிடுவார்கள் மோசஸ், அது நகரவே நகராது, நூறு வருஷத்துக்கு ஒன்றும் ஆகாது என்று டைனிங் டேபிளில் டம்ளரை வைத்து விளக்கினார். நூற்றியோராவது வருஷம் என்ன ஆகும் என்று கேட்டேன். சிரித்துவிட்டு டம்ளரை எடுத்துவைத்தார். கீழே வரும்போது பார்த்தால் அட்டைப்பெட்டி கட்டி வைத்திருக்கிறது, அடுத்த மாதம் கோயம்புத்தூருக்கே போய்விடுகிறாராம். ஒன்றும் ஆகாது என்கிறவர் ஏன் கிளம்புகிறார் என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ரிடையர் ஆனா குவார்ட்டர்ஸ காலி பண்ணித்தான ஆவணும், அதுக்கும் ஒரு சந்தேகமா" என்று அம்மா என்னைத் திட்டினாள். இருக்கலாம். எனக்கு இப்போது எல்லாமே அப்படித்தான் தெரிகிறது.

இனிமேல்தான் விஷயம். போன வெள்ளிக்கிழமை குப்பத்து எல்லப்பன் வந்தான், போராட்டக் குழுவுக்கு அவன்தான் தலைவர், உனக்குத் தெரியும், உன்கூட எட்டாவது வரைக்கும் படித்தவனின் அண்ணன். சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ்ச் சுருக்கத்தை பிரின்ட் எடுத்து வந்திருந்தான், முப்பத்தெட்டு பக்கம். ரெண்டு பேரும் சர்ச் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தோம். அதில் பத்தொன்பதாம் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா, திட்ட இடத்தைச் சுற்றி ரெண்டு கிலோமீட்டருக்குள் குடிநீருக்குப் பயன்படும் கிணறு எதுவும் இல்லையாம். வரைபடத்தில் குப்பம் இருக்கிறது, ரிசார்ட் இருக்கிறது, ரோட்டோரப் பரோட்டாக் கடைகூட இருக்கிறது, நம்ம வட்டக்கிணறு இல்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த படியில் இருந்து கல் எறிந்தால் அந்தக் கிணற்றில் விழும். தொள்ளாயிரம் மீட்டர் தள்ளி அவர்கள் குழி தோண்டப் போகிறார்கள், இங்கே குடிக்கிறவர்களே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் அந்தக் கோபத்தில் இருக்கும்போது எல்லப்பன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தான். "அண்ணாத்த, இதுல சமூகப் பொருளாதார ஆய்வுன்னு போட்டு எம். ரூத்துன்னு ஒரு பேரு கீது, நம்ம ரூத்தா?" என்று கேட்டான். உன் கம்பெனி பேர் மேலேயே இருந்தது. நான், ஊர் உலகத்தில் ஆயிரம் ரூத் இருக்கும், நம்ம ரூத் கம்ப்யூட்டரில் வேறு ஏதோ வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவன் நம்பினானா தெரியவில்லை. நானே நம்பவில்லை.

ரூத்தம்மா, உன் கம்பெனி இந்த மாதிரி அறிக்கை எழுதிக் கொடுக்கிற கம்பெனி என்று தெரியும், அதில் தப்பு ஒன்றும் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். நம்ம ஊர்க் கிடங்குக்கும் நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அதைவிட, இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? வெளியாள் எழுதியிருந்தால் தெரியாமல் எழுதிவிட்டான் என்று மைக்கில் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடுவேன். ஊர்க் கிணற்றில் இறங்க விடவில்லை என்று நம்ம ஆட்களே சர்ச் பின்னால் வெட்டின கிணறு அது, கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் அப்படி ஒரு நல்ல தண்ணீர் கிடைத்தது நம்ம அதிர்ஷ்டம். பைப்பில் வருவது மூன்று நாளைக்கு ஒருமுறை, அதை வாயில் வைக்க முடியாது. போர்வெல்லில் வருவது உப்பு. கேன் வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள், மற்றவர்களுக்கு இன்றைக்கும் உலையும் டீயும் குழந்தைக்குப் பாலும் வட்டக்கிணற்றுத் தண்ணீர்தான். நீ பதினெட்டு வயசு வரைக்கும் குடித்தாய். போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமசுக்கு வந்தபோதுகூட, நொய்டா டீயில் இந்த ருசி இல்லை என்று மூன்று டம்ளர் குடித்தாய், அம்மா அதைச் சொல்லிச் சொல்லி சந்தோஷப்பட்டாள். குடித்த வாயால் இல்லை என்று சொல்லும்படி உன்னை யார் மிரட்டினார்கள், இல்லை என்ன கொடுத்தார்கள் என்றுதான் ராத்திரியும் பகலும் யோசிக்கிறேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மேலே உள்ளதைத் திங்கட்கிழமை எழுதி மடித்து வைத்தேன், ஸ்டாம்பு வாங்கவில்லை. நேற்று நான் செங்கல்பட்டு போய்விட்டு வந்தேன். அதன்பிறகு இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன், அம்மா விடவில்லை. "சந்தேகப்பட்டது பட்டதுதான, அதுவும் போய்ச் சேரட்டும்" என்றாள். அதனால் அப்படியே அனுப்புகிறேன். படித்து அழாதே, கீழே உள்ளதையும் படி.

முழு அறிக்கையும் கலெக்டர் ஆபீசில் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நோட்டீசில் இருந்தது. இங்கிலீஷில் இருப்பதால் ஜெரோமை லீவு போடச் சொல்லி, அவன் வண்டியிலேயே திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம். மூன்று தடிப் புத்தகம். யாரும் தடுக்கவில்லை, ஃபேன் போட்டு உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், அவ்வளவு மரியாதை எதற்கு என்று அதுவும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஜெரோம் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தான், காலையில் பதினோரு மணிக்கு ஆரம்பித்து ரெண்டு மணிக்கு அந்த இடத்தைப் பிடித்தான். குடிநீர்க் கிணறு இல்லை என்று போட்டு, ஆதாரம் இணைப்பு 14 பார்க்க என்று எழுதியிருந்தது. எவனோ கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கிறான், அவன் யார் என்று இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஜெரோமிடம், பேரை மட்டும் ஒரு சீட்டில் எழுதிக்கொள் என்றேன். மூன்றாவது புத்தகத்தின் பின்பக்கம் புரட்டினான். புரட்டினவன் படிக்கவில்லை, புத்தகத்தை அப்படியே என் பக்கம் திருப்பி வைத்தான்.

அது என் கையெழுத்து, ரூத்தம்மா. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று நான் எழுதுகிற அதே வரிசை. ஸ்கேல் வைத்து ரெண்டு கோடு போட்டிருக்கிறேன். எங்கள் இலுப்பைமேடு காலனியில் வசிக்கும் எண்பத்தேழு குடும்பங்களுக்கும் குடிநீருக்குக் கிணறோ வேறு எந்த ஆதாரமோ அறவே கிடையாது, இருந்த ஒரு கிணறும் தூர்ந்து பாழாகிவிட்டது, ஆகவே ஐயா அவர்கள் மேற்படி காலனிக்குக் குழாய் இணைப்பு வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். கீழே நம்ம ஆட்களின் கையெழுத்தும் கைநாட்டும் மூன்று பக்கத்துக்கு, ஓரத்தில் சபை ரப்பர் ஸ்டாம்பு, கடைசியில் தங்கள் உண்மையுள்ள, மோசஸ், செயலாளர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பைப் லைன் கேட்டு நான் எழுதின மனு. தூர்ந்து பாழாகிவிட்டது என்ற வரிக்குக் கீழேதான் அந்த ரெண்டு கோடு.

மனு எழுதுகிறவனுக்கு ஒரு முறை உண்டு. உள்ளதை உள்ளபடி எழுதினால் ஃபைல் நகராது. தண்ணீர் போதவில்லை என்று எழுதினால் யாருக்குத்தான் போதுகிறது என்று ஓரமாக வைத்துவிடுவான், அறவே இல்லை என்று எழுதினால்தான் ஒருத்தன் பேனாவைத் திறப்பான். கிணறு இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தால் பைப் கிடையாது. முப்பது வருஷமாக ரோட்டுக்கும் சுடுகாட்டுக்கும் கரண்டுக்கும் நான் அப்படித்தான் எழுதினேன், எல்லோரும் படித்துப் பார்த்து, நல்லா எழுதியிருக்கிற என்று சொல்லித்தான் கையெழுத்து போட்டார்கள். கிணற்றை மறைக்கிறது மனுவோடு வந்த பழக்கம்கூட இல்லை. நீ ஆறாவது படிக்கும்போது டேங்கர் லாரிக்காரன் இங்கே நல்ல தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்து, மோட்டார் போட்டு நாற்பது நாள் உறிஞ்சினான், கிணறு உப்புக் கரித்துவிட்டது, மறுபடியும் இனிக்க ரெண்டு மழைக்காலம் ஆனது. அன்றிலிருந்து வெளியாள் யார் வந்து தண்ணீரைப் பற்றிக் கேட்டாலும், கிணறு இல்லை, இருந்தது பாழ் என்றுதான் காலனியில் சின்னப் பிள்ளைகூட சொல்லும். அந்தப் பழக்கத்தை எவன் எப்படிப் பயன்படுத்துவான் என்று எங்களில் ஒருத்தனும் யோசிக்கவில்லை. ஊரில் உள்ள ஒவ்வொருத்தனையும் சந்தேகப்பட்ட நான் என் கையெழுத்தைச் சந்தேகப்படவில்லை.

வெளியே வந்து ஜெரோம் டீ வாங்கிக் கொடுத்தான். நீ காலேஜ் போனபிறகு நைனாவை அப்பா என்று மாற்றிக்கொண்டாய், அவனுக்கு நான் இன்னும் நைனாதான். "கையெழுத்து மட்டும் அச்சடிச்ச மாதிரி கீது நைனா" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், மனு நான் எழுதியது சரி, ஆனால் உன் மகள் அங்கே உட்கார்ந்திருக்கிறாளே, இது பொய், எங்கப்பா பைப்புக்காக எழுதியது என்று அவள் சொல்லியிருக்கலாமே என்றேன். அம்மா கையில் இருந்த முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவ கேட்டாளே, நீதான சொன்ன" என்றாள். நான் எப்போது என்றேன். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு மறுநாளாம், காணிக்கை ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை அவள் நறுக்கிக்கொண்டிருந்தாளாம், நான் ஸ்பீக்கரில் போட்டு உன்னோடு பேசினேனாம். இல்லவே இல்லை என்று சாதித்தேன். சாப்பிட உட்கார்ந்து ரெண்டு வாய் வைத்தபிறகு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆகஸ்ட் மாதம். நீ பண்டிகையைப் பற்றிக் கேட்டாய், சர்ச் ஐயர் மாற்றலைப் பற்றிக் கேட்டாய், நடுவில் சாதாரணமாக, நம்ம வட்டக்கிணத்துல இப்பவும் யாராவது குடிக்கிறாங்களாப்பா என்று கேட்டாய். யாரும் குடிக்கறதில்ல, அது பாழாப் போச்சு என்று சொன்னேன். நீ மறுபடியும் ஒருமுறை, நிஜமாவா என்று கேட்டாய். நிஜமாத்தான் என்றேன். ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டிருந்தாய், பின்னால் யாரோ பேசுகிற சத்தம் கேட்டது, பைப் லைனுக்கு ரெண்டாம் கட்ட மனு வேறு அப்போது நிலுவையில் இருந்தது, வாய் தானாகச் சொல்லிவிட்டது. வெளியாளிடம் சொல்வதை உன்னிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை மன்னித்துவிடு.

நேற்று மாலையே சர்ச்சில் ஆட்களைக் கூட்டினேன். எல்லப்பனையும் வரச்சொல்லி, முதலில் அவனிடம், அது நம்ம ரூத்துதான், நான் பொய் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். "மைக்குல அத சொல்லாத அண்ணாத்த, பொண்ணு வேல போய்டும்" என்றான். அப்புறம் எல்லோருக்கும் மனு விஷயத்தைச் சொன்னேன். இருபதாம் தேதி நான் எழுந்து, அந்த மனு பொய், கிணறு இருக்கிறது, நாங்கள் குடிக்கிறோம் என்று சொல்லப் போகிறேன் என்றேன். ஒரே சத்தம். கிணறு இருக்கிறது என்று பதிவானால் பைப்பை வெட்டிவிடுவான், லாரிக்காரன் திரும்ப வருவான், பொய் மனு கொடுத்தாய் என்று உன்மேல் கேஸ் போடுவான், ஒருமுறை பொய் சொன்னவன் இப்போது சொல்வதை மட்டும் எவன் நம்புவான் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். எல்லாமே நியாயமான கேள்விதான். செங்கம்மாள் மட்டும் கடைசி பெஞ்சில் இருந்து எழுந்தாள், கிணற்றுக்கு அடுத்த வீடு அவளது, பேரனை இடுப்பில் வைத்திருந்தாள். "பைப்ப புடுங்கினு போனா போவட்டும், மொதல்ல நாம இங்க கீறோம்னு எழுதிக்கச் சொல்லு. நானும் தான் கைநாட்டு வெச்சேன், நானும் வந்து சொல்றேன்" என்றாள். முப்பத்தொன்பது பேர் தாங்களும் வந்து சொல்வதாகப் பேர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் ஏன் கொடுக்கவில்லை என்று ஒவ்வொருத்தராக நினைத்துப் பார்த்தேன், பிறகு அந்த நினைப்பை விட்டுவிட்டேன், கொஞ்சம் முன்னால் வரைக்கும் நான் பெற்ற மகளையே அப்படி நினைத்தவன்தானே.

கூட்டத்தில் உன் பேரைச் சொல்ல மாட்டேன். கிணறு இல்லை என்று சொன்னவன் யார் என்று கேட்டால் மோசஸ் என்பேன், எழுதினவன் யார் என்றாலும் மோசஸ் என்பேன். என்னை நம்புவார்களா தெரியாது, செங்கம்மாள் குடத்தோடு வருகிறேன் என்கிறாள், அதையாவது நம்பட்டும். நீ அங்கிருந்து எதுவும் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை, வேலையை விடு என்றும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும், இதற்காகத்தான் திங்கட்கிழமை பேனாவை எடுத்தேன், நடுவில் எல்லாம் தலைகீழான பிறகும் இது மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த ஆகஸ்ட் போனுக்கு எட்டு மாதம் முன்னால் வந்து மூன்று டம்ளர் டீ குடித்துவிட்டுப் போனவள் நீ. எட்டு மாதத்தில் கிணறு பாழாகிவிட்டது என்று நான் சொன்னதும், எப்படி, எப்போது, அப்படியென்றால் அம்மா எதில் சமைக்கிறாள் என்று ஒன்றும் கேட்கவில்லை. நிஜமாவா என்று மட்டும் கேட்டாய். நான் மனுக்காரனாகப் பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், காலனியில் வளர்ந்த உனக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அன்றைக்கு நீ என்னைக் கேட்டது தெரிந்துகொள்ளவா, எழுதிக்கொள்ளவா? எதுவாக இருந்தாலும் நீ என் மகள்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் பதில் வேண்டும். போனில் சொல்லாதே, எழுது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல சுகமும் மனசுக்குச் சமாதானமும் கொடுப்பாராக. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள், வஞ்சிரக் கருவாடு தனியாகப் பார்சலில் வருகிறது, பிரிட்ஜில் வைக்காதே, மற்றதில் வாசம் ஏறும். தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு ஆபீஸ் போகாதே. கூட்டம் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு, அந்த நேரத்துக்கு எங்களுக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிக்கொள். கடைசியில் வழக்கம்போல தங்கள் உண்மையுள்ள என்று கை போகிறது, இந்த ஒரு தடவை அதைப் போடவில்லை, இருபதாம் தேதிக்குப் பிறகு போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மோசஸ்